மூன்றரைக்கு இரண்டரை: கேப்டனாக என் முதல் வெற்றி

இங்கிலாந்தில் நான் ஆடும் செஸ் கிளப்பின் இரண்டாவது அணி கடந்த நவம்பரில் ஒரு லீக் ஆட்டத்தை 3½–2½ என்ற கணக்கில் வென்றது. லீக் பட்டியலில் அது ஒரே வரி. அந்த ஒரு வரிக்காக நான் அரை நாள் விடுப்பு எடுத்தேன்; கையிலிருந்து 112 பவுண்டு போனது; என் சொந்த ஆட்டத்தைத் தோற்றேன்; நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் ஒரு தாயின் முன்னால் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். பொறுப்பை ஏற்கும் முன் யாராவது என்னை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அடுத்து இந்தப் பொறுப்புக்கு வருபவருக்காவது அந்தப் பேச்சு கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திருச்சியில் நான் ஆடி வளர்ந்தது, ஏறக்குறைய சமப் புள்ளியில் இருப்பவர்களை ஒவ்வொரு சுற்றிலும் மோதவிடும் சுவிஸ் முறைத் தனிநபர் போட்டிகளில். ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண மண்டபத்துக்குப் போனால் யாருக்கு யார் எதிரி என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். சந்தேகம் வந்தால் கையைத் தூக்கினால் போதும், நடுவர் வந்து நிற்பார். இங்கிலாந்தில் உள்ளூர் லீக் முற்றிலும் வேறு. செப்டம்பர் கடைசியில் தொடங்கி மே மாதம் வரை, வார நாள் இரவுகளில், வேலையை முடித்துவிட்டு வந்து ஆடுவார்கள். எங்கள் பிரிவில் அணிக்கு ஆறு பலகைகள். பலமானவர் முதல் பலகையில், அடுத்தவர் இரண்டாவதில் என்று, ஆட்டத் திறனைக் காட்டும் ரேட்டிங் எண்ணின் வரிசைப்படி உட்கார வேண்டும். ஒவ்வொருவருக்கும் 75 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 10 விநாடி. வென்றால் ஒன்று, டிரா என்றால் அரை. ஆறில் மூன்றரை கிடைத்தால் ஆட்டம் நமது. இதில் நடுவர் என்று ஒருவர் கிடையாது. இரண்டு கேப்டன்களும் தங்கள் ஆட்டத்தை ஆடிக்கொண்டே நடுவர் வேலையையும் பார்க்க வேண்டும். 2024இல் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடின் பொதுப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றபோது கேப்டனாக இருந்த ஸ்ரீநாத் நாராயணன் காய்களைத் தொடவே இல்லை. கேப்டன் வேலை மட்டும்தான் அவருக்கு. அந்த அளவில் அது முழுநேரப் பொறுப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு என்பது எனக்கு அன்றிரவுதான் விளங்கியது.

கோடையில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் இரண்டாவது அணிக்குக் கேப்டன் கிடைக்கவில்லை. நீண்ட மௌனம். நான் கையைத் தூக்கினேன். மூன்று வருடமாக ஆடுகிறோம், நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா என்ற எண்ணம்தான். என் கைக்கு வந்தவை ஒரு தொலைபேசிப் பட்டியலும் கடிகாரங்கள் போட்ட ஒரு பையும். முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஆள் குறைந்து ஒவ்வொரு பலகையை விட்டுக்கொடுத்தோம். பலகைக்குப் பத்து பவுண்டு வீதம் இருபது பவுண்டு அபராதத்தை நானே கட்டினேன். ஆள் சேர்க்கத் தெரியாதது என் தவறு, அதை நான்தான் சுமக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த அபராதத்துக்கென்று கிளப் கணக்கில் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. பொறுப்பேற்ற அன்றே பொருளாளரிடம் எந்தச் செலவைக் கிளப் ஏற்கும் என்று கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேளுங்கள்.

மூன்றாவது ஆட்டம் வியாழக்கிழமை, வெளியூரில். லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 நெடுஞ்சாலையில் மாலை நேர நெரிசலில் போக வேண்டிய தூரம். ஆறு பேரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். புதன் இரவு பத்தரை மணிக்கு இரண்டாவது பலகைக்காரரிடமிருந்து செய்தி வந்தது: காய்ச்சல், வர முடியாது. இடையில் ஓர் ஆள் போனால் அந்த இடத்தில் கிடைத்தவரை உட்காரவைக்க முடியாது. கீழே இருப்பவர்கள் அனைவரும் ஒரு பலகை மேலே ஏறி, புதியவர் கடைசியில் உட்கார வேண்டும். நான்காவது பலகைக்காரனான நான் மூன்றுக்குப் போனேன். ஐந்தில் ஆட வேண்டிய பதினைந்து வயதுப் பையன் நான்குக்கு வந்தான். கடைசிப் பலகைக்கு இரவு பதினோரு மணி வரை ஒவ்வொருவராக அழைத்தேன். இரண்டு வருடமாக ஆடாத ஒரு பெரியவர் ஒப்புக்கொண்டார். நம்மைவிட மூத்தவரை அந்த நேரத்தில் படுக்கையிலிருந்து எழுப்பிக் கெஞ்சும்போது மனம் எவ்வளவு கூசும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

இப்போது நான் ஆறு பேரைக் கேட்பதில்லை, ஏழு பேரைக் கேட்கிறேன். ஏழாவது ஆளிடம், ‘நீங்கள் மாற்று ஆட்டக்காரர், புதன் மாலை ஆறு மணிக்குள் தேவையா இல்லையா என்று சொல்லிவிடுகிறேன்’ என்று முன்பே சொல்லிவிடுகிறேன். காத்திருப்பதற்கு ஓர் எல்லை இருந்தால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.

பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தாய் இரவுப் பணிக்குப் போகிறவர், அன்று அவருக்கு விடுமுறை. பதினெட்டு வயது ஆகாதவர்களை ஒருவர் மட்டும் தனியாகக் காரில் அழைத்துச் செல்லக் கூடாது என்பது எங்கள் கிளப் விதி. அதனால் ஐந்தாவது பலகையில் ஆடும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியரும் எங்களுடன் வந்தார். வாசலில் அந்தத் தாய், ‘எத்தனை மணிக்கு வருவீர்கள் அண்ணா?’ என்று கேட்டார். ‘பத்தரைக்குள் வந்துவிடுவோம்’ என்றேன். கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். ஒருவருக்கு 75 நிமிடம் என்றால் இருவருக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம். அறுபது நகர்த்தல் ஆடினால் ஆளுக்குப் பத்து நிமிடம் கூடும், அதாவது இரண்டு மணி ஐம்பது நிமிடம். தொண்ணூறு நகர்த்தல் என்றால் மூன்று மணி நேரம். அதற்கு மேல் வீடு திரும்பும் பயணம். இந்தக் கணக்கை அப்போதே சொல்லியிருந்தால் அவர் அனுப்பாமல்கூட இருந்திருப்பார். அந்த உரிமை அவருக்கு இருந்தது, அதை நான் பறித்துவிட்டேன்.

ஏழரைக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் எங்களுக்காக ஏழே முக்காலுக்குத் தள்ளிப்போனது. எதிரணிக் கேப்டன் பெருந்தன்மையானவர். ஆனால் எங்கள் பக்கம் ஐந்து பேர்தான் வந்திருந்தோம். மேலே ஏறி இரண்டாவது பலகைக்கு வந்திருந்த மருத்துவர் லண்டனில் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார், அவருடைய ரயில் ரத்தாகிவிட்டது. அடுத்த ரயில் பாதி தூரம்தான் கொண்டுவந்து சேர்க்கும். ‘அங்கிருந்து டாக்ஸி பிடியுங்கள், பணம் நான் தருகிறேன்’ என்றேன். லீக் விதிப்படி அரை மணி நேரத்துக்குள் பலகைக்கு வராதவர் தோற்றவர். ஏழே முக்காலுக்கு அவருடைய கடிகாரத்தை ஓடவிட்டார்கள்.

இங்கே நான் செய்த ஒரே சரியான காரியம், ஆட்டம் தொடங்கும் முன்பே எதிரணிக் கேப்டனிடம் போய், ‘எங்கள் ஆள் வழியில் இருக்கிறார், அவர் வரும் வரை என் தொலைபேசியை வைத்துக்கொள்ளலாமா?’ என்று அனுமதி கேட்டது. ஆடிக்கொண்டிருப்பவரின் பையில் தொலைபேசி ஒலித்தால் ஆட்டமே பறிபோகலாம். முன்கூட்டிச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள், பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் தெரியும். செய்த தவறு, அந்த வேலையை நானே பார்த்தது. நான்கு முறை எழுந்து வெளியே போனேன். டாக்ஸி எந்தச் சாலையில் வருகிறது, எந்தக் கதவு வழியாக நுழைய வேண்டும் என்று பேசிவிட்டு உள்ளே வந்தால் என் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், பலகையில் இருப்பது வேறு யாரோ ஆடிய ஆட்டம்போலத் தெரியும். மருத்துவர் எட்டு மணி பதினொன்றாவது நிமிடத்தில் ஓடி வந்து உட்கார்ந்தார். இன்னும் நான்கு நிமிடம் தாமதித்திருந்தால் அந்தப் பலகை போயிருக்கும். டாக்ஸிக்கு 38 பவுண்டு. நிம்மதியோடு திரும்பி வந்து என் பத்தொன்பதாவது நகர்த்தலை ஆடினேன். குதிரைக்குக் காவல் இல்லை என்பதைக் காயை விட்ட பிறகுதான் கண்டேன்.

எட்டு ஐம்பதுக்குப் பெரியவர் தோற்றார். ஒன்பது ஐந்துக்கு நான் தோற்றேன். இரண்டுக்கு பூஜ்யம். நான் அழைத்ததற்காகப் படுக்கையிலிருந்து எழுந்து ஒப்புக்கொண்ட பெரியவரிடம் ‘பரவாயில்லை’ என்று சொல்லக்கூட எனக்கு வார்த்தை வரவில்லை. ஒன்பதே காலுக்குக் கணித ஆசிரியர் தம் எதிரியின் சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பறித்து அமைதியாக வென்றார். 1–2.

அதற்கு ஐந்து நிமிடம் கழித்து நடந்ததைத்தான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பையனின் எதிரி ஒரு காயை நகர்த்தி, டிரா கேட்டு, கடிகாரத்தை அழுத்தினார். பையன் எழுந்து என்னிடம் வந்தான். ‘அங்கிள், ஏற்றுக்கொள்ளலாமா?’ என்றான். கேப்டன் பலகையில் இருக்கும் நிலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது. அணியின் புள்ளிக் கணக்கை மட்டும் வைத்து ‘ஏற்றுக்கொள்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ‘உன் முடிவு’ என்றோ சொல்லலாம், அவ்வளவுதான். நான் கணக்குப் பார்த்தேன். ஏற்றால் 1½–2½. பிறகு முதல் இரண்டு பலகைகளும் வென்றால்தான் வெற்றி. முதல் பலகை தெளிவாக நம் பக்கம். இரண்டாவதில் மருத்துவரிடம் இருபது நிமிடம்கூட இல்லை. அவர் டிரா செய்தால் மொத்தம் 3–3 தான். ‘வேண்டாம், ஆடு’ என்றேன்.

அவன் முகத்தைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அவன் கணக்குக் கேட்க வரவில்லை. தன் நிலை மோசமாகிறது என்று உணர்ந்து, கரையேறக் கை கேட்டு வந்திருந்தான். பதினைந்து வயதுப் பிள்ளை கேப்டன் சொன்ன பிறகு மறுத்தா பேசும்? தலையாட்டிவிட்டுப் போனான். எதிரி கேட்ட டிரா, அதை வாயால் மறுக்கும் வரையோ அடுத்த காயைத் தொடும் வரையோ உயிரோடுதான் இருக்கும். அவன் ஆறு நிமிடம் பலகையைப் பார்த்தபடி இருந்தான். பிறகு ராஜாவை நகர்த்தினான். அரை மணி நேரத்தில் ஒரு சிப்பாயை இழந்திருந்தான்.

ஒன்பது ஐம்பதுக்கு முதல் பலகை வென்றது. பத்து ஐந்துக்கு, நான் நம்பாத மருத்துவரும் வென்றார்! அவருக்கு நேரம் குறைவு என்பதால் எதிரியும் அவசர அவசரமாக ஆடி, யானையை இழந்துவிட்டார். நம் நேரம் குறையும்போது எதிரியும் வேகம் எடுத்துத் தன் ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்வதை அதன் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். 3–2. மீதி இருந்தது பையனின் பலகை மட்டும். டிரா செய்தால் போதும். எந்த டிராவை நான் வேண்டாம் என்றேனோ அதே டிரா. அவன் ஒன்பது இருபதுக்கு அதை வாங்கியிருந்தாலும் முடிவு இதே மூன்றரைதான். அப்போது அது எனக்குத் தெரிய வழியில்லை என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். வியர்வையில் நனைந்த அந்தச் சட்டைக் காலரைப் பார்த்தபடி நின்றபோது அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

எதிரியிடம் யானையும் ஒரு சிப்பாயும், பையனிடம் யானை மட்டும். கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, நகர்த்தலுக்குப் பத்து விநாடி வந்து சேர்கிறது. இந்த நிலையைக் காக்க ஒரு பழைய வழி உண்டு. பிரான்ஸில் பிறந்து 1795இல் லண்டனில் இறந்த பிலிடோர் காட்டிய வழி அது. ராஜாவைச் சிப்பாயின் பாதையில் முன்னால் நிறுத்தி, யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைத்து எதிரி ராஜா முன்னேறாமல் தடுக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்து நின்றதும் யானையைப் பலகையின் மறுகோடிக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிரி ராஜாவுக்கு ஒளிய இடம் இருக்காது. மூன்று வாரத்துக்கு முன் கிளப் இரவு ஒன்றில் கணித ஆசிரியர் இதே நிலையைப் பலகையில் வைத்துப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் பார்த்திருந்தேன். பையன் யானையை மூன்றாவது வரிசைக்குக் கொண்டுவந்தான். ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தன் முகத்தைப் பார்த்து அவன் எதையும் தெரிந்துகொண்டுவிடக் கூடாது என்று பிறகு சொன்னார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனதும் பையன் நகர்த்தல்களை எழுதுவதை நிறுத்தியிருந்தான். நகர்த்தலுக்கு 30 விநாடிக்குக் குறைவாகச் சேரும் ஆட்டத்தில் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் ஐம்பது நகர்த்தலாகச் சிப்பாயும் நகரவில்லை, காயும் வெட்டுப்படவில்லை என்றோ, ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது என்றோ டிரா கேட்க நேர்ந்தால் எதைக் காட்டுவது? நடுவர் இல்லை, எழுதிய தாள் இல்லை. எதிரணிக் கேப்டனிடம் மெல்லக் கேட்டேன். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் உட்கார்ந்து நகர்த்தல்களைக் குறித்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் பன்னிரண்டு நகர்த்தல் போயிருந்தது. அது நல்ல மனிதர் என்பதால் நடந்தது. விட்டுக்கொடுக்காத கேப்டனாக இருந்திருந்தால் அந்தக் கூடத்தில் சண்டைதான் நடந்திருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் கைகுலுக்கும்போதே, கடைசி ஆட்டம் நேர நெருக்கடிக்குப் போனால் யார் குறித்துக்கொள்வது என்று இரண்டு கேப்டன்களும் பேசி முடிவு செய்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

சிப்பாய் முன்னேறியது. யானை மறுகோடிக்கு இறங்கியது. செக், செக், மீண்டும் செக். எதிரியின் ராஜா யானையை விரட்டிக்கொண்டு சிப்பாயைவிட்டு விலகி வந்தபோது பையனின் ராஜா அந்தச் சிப்பாயை வெட்டியது. யானைக்கு யானை. அப்போதும் ஆபத்து தீரவில்லை. எதிரியிடம் யானை இருக்கும் வரை நேரம் தீர்ந்தால் தோல்விதான், டிரா அல்ல. எதிரிக்கு டிரா என்றால் அணி தோற்கும். பையனின் கடிகாரம் தீரட்டும் என்று அவர் சும்மா நகர்த்திக்கொண்டே இருந்திருக்கலாம். அவர் ஒரு நிமிடம் பலகையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். மணி பத்து நாற்பது. கூடத்தைப் பூட்டுபவர் சாவியோடு வாசலில் நின்றிருந்தார். அந்த மனிதரிடம் நான் நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். பிறகு அவருடைய கேப்டன் வழியாகச் சொல்லி அனுப்பினேன்.

காரில் தொலைபேசியைத் திறந்தால் பையனின் தாயிடமிருந்து ஐந்து அழைப்புகள். மருத்துவர் வந்ததும் நான் அதை அணைத்துவிட்டிருந்தேன், கடைசி வரை திறக்கவில்லை. பையனின் தொலைபேசியும் விதிப்படி அணைந்திருந்தது. வீட்டு வாசலை அடைந்தபோது பதினொன்று நாற்பது. அவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். ‘செஸ் ஆட்டம் என்றுதானே சொன்னீர்கள் அண்ணா, நள்ளிரவு ஆகும் என்று சொல்லவில்லையே’ என்று மட்டும் கேட்டார். வென்ற செய்தியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையன்தான் சொன்னான்.

ஒன்பது நாள் கழித்துத் தபாலில் அடுத்த அபராதம் வந்தது. அந்தக் கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில் கேமரா உண்டாம். வருபவர்கள் உள்ளே இருக்கும் திரையில் வண்டி எண்ணைப் பதிய வேண்டுமாம். நூறு பவுண்டு, பதினான்கு நாளுக்குள் கட்டினால் அறுபது. எதிரணிக் கேப்டன் தம் மின்னஞ்சலின் கடைசி வரியில் இதை எழுதித்தான் இருந்தார். முகவரியை மட்டும் பார்த்துவிட்டு மூடியது நான். அவமானத்தில் அன்றே கட்டிவிட்டேன். அவசரப்படாமல் அந்தக் கேப்டனிடம் சொல்லியிருந்தால் கூடத்தின் நிர்வாகி வழியாக ரத்து செய்யவைத்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். பெட்ரோல் 14, டாக்ஸி 38, இந்த 60. ஆக 112. முந்தைய அபராதம் இருபதையும் சேர்த்தால் 132. ஜனவரியில் பொருளாளரிடம் ஒருவழியாகச் சொன்னபோது அவர் வருத்தப்பட்டு, முந்தைய இருபது பவுண்டு அபராதத்தை முழுதாகவும் டாக்ஸியில் பாதியையும் தந்தார். 93 பவுண்டு போனது போனதுதான்.

அந்த வார இறுதியில் பையனின் வீட்டுக்குப் போனேன். ஆட்டம் எப்படி நீளும் என்பதைத் தாளில் எழுதிக் காட்டினேன். நேரம் தவறினால் யாரை அழைக்கலாம் என்று ஆடாமல் வீட்டில் இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுத்தேன். பையனிடம் தனியாக, ‘இனிமேல் டிரா கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று விரும்புகிறாய்?’ என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘புள்ளிக் கணக்கை மட்டும் சொல்லுங்கள் அங்கிள், முடிவு நான் எடுக்கிறேன்’ என்றான். இப்போது ஆறு பேரிடமும் ஆட்டத்துக்கு முன்பே இதைக் கேட்டுவிடுகிறேன். ஒருவர் முழுதாக என்னிடம் விட்டுவிடுகிறார், ஒருவர் நான் பக்கத்தில் வருவதையே விரும்பவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. தாமதமாக வருபவரை வழிநடத்தும் வேலையை இப்போது மாற்று ஆட்டக்காரர் வீட்டிலிருந்தபடியே பார்க்கிறார். அதன் பிறகு என் குதிரைகள் ஓரளவு பத்திரமாக இருக்கின்றன.

ஜனவரி மாத வெளியூர் ஆட்டத்துக்குப் பையனின் தாயே காரை ஓட்டி வந்தார். ஆட்டக் கூடத்தின் பின்வரிசையில் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு அவருடைய மகனின் ஆட்டம் மட்டும் மீதி இருந்தது. என் பக்கத்தில் வந்து, ‘இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் அண்ணா?’ என்றார் மிக மெதுவாக. கடிகாரத்தைக் காட்டினேன். ஒருவருக்கு ஒன்பது நிமிடம், மற்றவருக்கு ஆறு. இன்னும் முப்பது நகர்த்தல் ஆடினாலும் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போகாது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, காரைச் சூடாக்கி வைக்கச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.